ஊசி மேலே ஏறுகிறதா?

1990களில் பொருளாதாரத் தடைக்குள்ளும் மொறிஸ் மைனரையும் ஏ 40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் நாம். சூடேறினால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனோம். லண்டனில் அந்தப் பழக்கம் கைகொடாது.

வந்த புதிதில் நம்மில் பலர் வாங்குவது பழைய கார்தான். எம்.ஓ.ரி. பாஸ் என்றதும் நிம்மதியடைகிறோம். ஆனால் அச்சோதனையில் எஞ்சினின் உள்நிலை பார்க்கப்படுவதில்லை.

வெப்ப ஊசி சிவப்பை நெருங்கினால் ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைப்போம். றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். அரைமணி நேரமாவது பொறுப்போம்.

பிறகு, எப்போது சூடேறியது என்று யோசிப்போம். நெரிசலில் நிற்கும்போது மட்டுமென்றால் விசிறியைச் சந்தேகிக்கலாம். மோட்டார்வேயில் ஓடும்போதென்றால் றேடியேற்றர் அடைப்பாகவோ தண்ணீர்ப் பம்ப் பழுதாகவோ இருக்கலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே என்றால் தேமோஸ்ரற் திறக்காமல் இருக்கலாம். ஊசி உச்சியில் நிற்க, ஹீற்றர் குளிர்காற்றைத் தந்தால் பெரும்பாலும் கூலன்ற் குறைந்திருக்கும். ஒழுக்கு எதுவும் தெரியாமல் கூலன்ற் குறைந்து, வெண்புகையும் விடாமல் வந்தால் ஹெட் காஸ்கெற் போயிருக்கலாம். அந்தத் திருத்தச் செலவு காரின் விலையையே தாண்டக்கூடும்.

எஞ்சின் ஆறிய பின், கூலன்ற் பாதி தண்ணீர் பாதியாகக் கலந்து நிரப்புவோம். வெறும் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்தால் எஞ்சினில் வெடிப்பு விழும். கூலன்ற் இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்போம்.

கண்டவற்றைத் துண்டில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போவோம். பாஷை தடுமாறினாலும் துண்டு பேசும், வீண்செலவும் குறையும்.