கையால் ஏற்றும் பழக்கம்

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் லினக்ஸைப் பழுதுபார்க்கக் கற்றவர்கள் பலருக்கு அதுதான் முதல் லினக்ஸ். வைஃபை வரவில்லையா? டிரைவரை ஏற்றும் மோட்புரோப் கட்டளையில் அதன் பெயரை அடி. வந்துவிட்டதா? அந்தப் பெயரை இடிசி அடைவின் மாட்யூல்ஸ் கோப்பில் எழுதி வை. வாடிக்கையாளர் போய்விடுவார், பிழை போகாது.

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக் கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் வெளிப்படும் அதே கணத்தில் மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றப்படுகிறது. லினக்ஸின் மையமான கர்னலிலும் இப்படி ஒரு சைகை உண்டு. புதிய சாதனம் தென்பட்டதும், தயாரிப்பாளர் எண், சாதன எண் போன்றவை கோத்த 'மோட்அலியாஸ்' என்ற சரத்தைக் கர்னல் வெளியிடுகிறது. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதை வாங்குகிறது. மோட்புரோப் செய்வது போலவே அதை மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் தேடுகிறது. அந்தக் கோப்பை டெப்மோட் தொகுப்பது, ஒவ்வொரு டிரைவரும் தன்னைப் பற்றி அறிவித்த பட்டியலிலிருந்து. 'மாட்யூல்_டிவைஸ்_டேபிள்' என்ற ஒற்றை வரியை டிரைவர் எழுதியவர் விட்டுவிட்டிருந்தால் அங்கே அதற்கு எதுவும் இருக்காது. சைகை போகும், ஏற்ற ஆள் வரமாட்டார்.

இதில் வம்பு என்னவென்றால், டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினால் இந்த வரி தேவைப்படாது. உள்ளிருக்கும் அட்டவணையை வைத்தே சாதனம் பொருந்திவிடும். எழுதியவரின் பலகையில் எல்லாம் ஓடும். விநியோகக்காரர் அதையே தனி மாட்யூலாகக் கட்டும்போதுதான் குட்டு உடையும்.

சாதனங்களை டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பால் அறியும் பலகைகளில் இன்னொரு பொறி. எஸ்பிஐ இணைப்பில் உள்ள சாதனம் டிவைஸ் ட்ரீயிலிருந்து வந்தாலும் அதன் சரம் 'எஸ்பிஐ' என்றே தொடங்கும். டிவைஸ் ட்ரீ பட்டியல் மட்டும் இருந்தால் மாட்யூல் தானாக ஏறாது. எஸ்பிஐ பட்டியலும் வேண்டும். ஐஐடி மெட்ராஸின் சக்தி போன்ற ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் கவனிக்க.

சோதிப்பது எளிது. சிஸ் அடைவில் அந்தச் சாதனத்தின் மோட்அலியாஸைப் படித்து, மோட்இன்ஃபோ காட்டும் அலியாஸ் வரிகளோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் கோளாறு வேறிடம்: தடைப்பட்டியல், காணாத ஃபர்ம்வேர், இப்படி. ஒத்துப்போகாவிட்டால் ஒரு வரித் திருத்தம் எழுதி, அதைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்பதைக் குறித்து, ஸ்டேபிள் கிளைக்கும் நகல் போடுங்கள். அங்கு ஏறினால் டெபியன் வழியாகப் பாஸுக்கும் வந்து சேரும்.