நாம் கேட்கும் வக்கீல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தம்பி கேட்டார்: "தடாவுக்கு அந்தாண்ட மாமனைச் சாதி பேரைச் சொல்லி அடிச்சிட்டாங்க. கேஸு ஆந்திராவுல. தெலுங்கு வக்கீலுக்கு எங்கண்ணா போவோம்?"

சட்டத்திலேயே வழி இருக்கு. சேரிக்கு யாரும் வந்து சொல்றதில்லை, அவ்வளவுதான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 4(5): பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம், கட்டணம் அரசுடையது. 'அமர்த்தலாம்' என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். கேட்டுத்தான் வாங்கணும். மனு போக வேண்டியது திருவள்ளூருக்கல்ல, வழக்கு நடக்கிற மாவட்டத்துக்கு.

நம்மூர் வக்கீலும் போகலாம். வழக்கறிஞர் சட்டம் பிரிவு 30 நடைமுறைக்கு வந்த 2011 முதல் மாநில எல்லை தடையில்லை. ஆனால் அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத்தான் நிற்பார். தெலுங்குச் சாட்சியத்துக்குத் தெலுங்கு தெரிந்த ஆள் வேணும்.

அதே ஆந்திராவில்தான் சுண்டூர். 1991 ஆகஸ்ட் 6, 8 தலித்துகளைக் கொன்றார்கள். மக்கள் விடாமல் போராடி, தனி நீதிமன்றத்தையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மனித உரிமை வழக்கறிஞர் பி. சந்திரசேகர் அரசுத் தரப்பில் நின்றார். 2007-இல் 21 பேருக்கு ஆயுள். 2014-இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விட்டுவிட்டது.

அதனால் தம்பி, அப்பீலுக்கு யார் நிற்பார் என்பதையும் இப்பவே பேசிடுவோம். ஞாயித்துக்கிழமை மாமனைக் கூட்டிக்கொண்டு வாங்க, மனு எழுதணும்.