யுத்தமாம்!

2020 மார்ச் 16 இரவு மக்ரோன் தொலைக்காட்சியில் வந்து, நாங்கள் யுத்தத்தில் இருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லாச்சப்பலுக்குக் கிட்ட ஒரு அறையில் நாலு பேர் இருந்து பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. யுத்தமென்றால் கரண்ட் இருக்காது, பனடோல் இருக்காது, தலைக்கு மேலே பொம்மர் சுத்தும். இங்கே கடையில் பாஸ்தாவும் கக்கூஸ் பேப்பரும்தான் முடிந்திருந்தது.

அந்த வருசம் இரண்டாம் தரம் நாட்டைப் பூட்டியது ஒக்டோபர் 30. 1995இல் அதே திகதியில்தான் நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். அப்போது 'வெளியே போ', இப்போது 'வீட்டுக்குள்ளே இரு'. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றையும் பார்க்காதவர்கள்.

ஆனால் ஒரு விசயத்தில் மக்ரோன் சொன்னது சரி. யுத்தத்தில் மனிசரைப் பிரிப்பது துண்டு. பாஸ் இருக்கிறவன், இல்லாதவன். இங்கேயும் அதுதான் நடந்தது.

மார்ச் 14 நள்ளிரவோடு ரெஸ்ரோரண்டுகளைப் பூட்டினார்கள். எனக்குச் சம்பளத் துண்டு இருந்தது. வீட்டிலிருக்க, கைக்கு வாற சம்பளத்தில் 84 வீதம் வந்தது. அதே குசினியில் கோப்பை கழுவின தம்பிக்கு விசா இல்லை, கறுப்பில் வேலை. ஒரு சதமும் இல்லை. வெளியே போக எல்லாரும் அத்தெஸ்தாசியோன் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். அவன் எழுதி என்ன செய்ய? பொலிஸ் மறித்தால் அடுத்ததாக அடையாள அட்டை கேட்கும். இரவு எட்டு மணிக்கு சனம் ஜன்னலில் நின்று கைதட்டும். அவன் ஜன்னல் பக்கமே போகமாட்டான்.

இரண்டு மாதம் அவனுடைய வாடகைப் பங்கை நான் கட்டினேன். மூன்றாம் மாதம், "தம்பி, உன்ர பங்கு?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பையோடு போய்விட்டான். வேலை செய்யாமல் காசு வாங்கினவன் நான். கேட்டதும் நான்தான்.

கொரோனா எல்லாரையும் ஒரே மாதிரித்தான் பார்த்தது என்று இப்பவும் எங்கட ஆக்கள் கதைக்கிறார்கள். பொய். கிருமிக்குத் துண்டு தேவையில்லை, சோற்றுக்குத் தேவைப்பட்டது.

"விசா இல்லாத பெடியளுக்கு வேலை குடுத்து உதவி செய்யிறம்" என்று சொல்லும் எங்கட முதலாளிமாருக்கும் ஒன்று சொல்லவேணும். அது உதவியில்லை அண்ணை, மலிவு. நாளைக்கு இன்னொரு வருத்தம் வந்து கடையைப் பூட்டினால் அந்தப் பெடியனுக்கு யார் பொறுப்பு? அவனுக்கும் துண்டு கிடைக்க வழி பாருங்கள். முடியாதென்றால், உதவி என்ற சொல்லையாவது விடுங்கள்.

தம்பி இதை வாசித்தால், அந்த மூன்றாம் மாதத்துக்கு மன்னித்துக்கொள்.