பெரியம்மா வீட்டுச் சுவரும் டெக்சாஸ் டிரெய்லரும்

மக்களே, ரொம்ப நாளா ஒண்ணும் எழுதாம கிடந்த இந்தப் பக்கத்தைத் தூசு தட்ட ஒரு சுவர்தான் காரணமா வந்து வாய்ச்சிருக்கு. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவங்க மன்னிக்கணும். இன்னிக்கு ஓதம் பத்தி மட்டும்தான். கொஞ்சம் நீளமான பதிவு வேற.

விஷயம் இதுதான். என் பெரியம்மா பையன் டெக்சாஸ்ல இருக்கார். எனக்கு அண்ணா முறை. போன வருஷம் முப்பது வருஷப் பழசு டிரெய்லர் ஒண்ணு வாங்கினார். காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டுப் போற வீடு. அடுப்பு, படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. வாங்கும்போது உள்சுவர் பளபளன்னு இருந்துச்சாம். ஒரு மூலையில மட்டும் லேசா அலை அலையா இருந்திருக்கு. விரலால அழுத்திப் பார்த்தா பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கு. பேனலைப் பிரிச்சிருக்கார். உள்ளே மரச்சட்டமெல்லாம் ஈரத்துல மக்கி, கையில எடுத்தா நனைஞ்ச ரஸ்க் மாதிரி உதிருது.

இந்த டிரெய்லர் சுவரோட சமாச்சாரம் ரொம்ப எளிசு. வெளியே அலுமினியத் தகடு. நடுவுல சின்னச் சின்ன மரச்சட்டம், இடைவெளியில கண்ணாடி இழைப் பஞ்சு. உள்பக்கம் கனமே இல்லாத பிளைவுட், அது மேல மர டிசைன் அச்சடிச்ச காகிதம். கூரை ஓரத்துலயும் ஜன்னலைச் சுத்தியும் போட்டிருக்கற அடைப்பு சில வருஷத்துல வெடிக்கும். மழைத்தண்ணி அது வழியா இறங்கும். இறங்கின தண்ணிக்கு வெளியே போக வழி இல்லை. உள்ளே உக்கார்ந்துக்கிட்டு மரத்தைத் தின்னும். வெளியே பார்க்கறவனுக்கு அந்த அச்சடிச்ச காகிதம்தான் தெரியும்.

அண்ணா வாராவாரம் படம் அனுப்புவார். பழசை எல்லாம் பிரிச்சு, கூரை ஒழுக்கை அடைச்சு, காயவிட்டு, புதுச் சட்டம் போட்டு... பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. "முன்னாடி இருந்த முட்டாள் ஒழுக்கைச் சரி பண்ணாம அது மேலயே புதுப் பேனல் அடிச்சிருக்கான்டா"ன்னு திட்டினார்.

நிற்க. அதே அண்ணா, அதே மாசம், மயிலாப்பூர்ல அவங்க அம்மா இருக்கற வீட்டுக்கு என்ன ஏற்பாடு பண்ணினார் தெரியுமா? ஓதம் ஏறின கூடத்துச் சுவர் மூணுக்கும் பி.வி.சி. பேனல்! கொட்டேஷனே வந்துருச்சு. 40,000 ரூபாய்க்குள்ள, ரெண்டே நாள்ல வேலை முடியும், சுவரைக் கொத்த வேண்டாம், தூசு வராது, பெரியம்மா இடத்தை விட்டு நகரக்கூட வேண்டாம். "நீ கூட நின்னு பார்த்துக்கோடா"ன்னு எனக்கு உத்தரவு.

"அண்ணா, டெக்சாஸ்ல நீங்க திட்டின முட்டாள் பண்ணினதும் இதேதானே"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது மரம், இது செங்கல்டா"ன்னார்.

செங்கல்தான். ஆனா தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்த வீடு மாட வீதிக்குப் பக்கத்துச் சந்துல இருக்கு. 1930கள்ல கட்டினது. செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதுமேல சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடிச்சு இறுக்கின தளம். அடித்தளத்துல ஈரத்தைத் தடுக்கற அடுக்குன்னு எதுவும் கிடையாது. அந்தக் காலத்து வீடுகள் பலதுல கிடையாது. மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா மூணு, மூணரை அடி வரைக்கும் ஏறும். ஏறினா ஏறட்டும்னுதான் கட்டினவங்களும் விட்டிருக்காங்க. காரைப்பூச்சு அந்த ஈரத்தைக் காத்துல விட்டுடும். வருஷத்துக்கு ஒருவாட்டி பொங்கலுக்கு வெள்ளையடிச்சா சரியாப் போச்சு.

கெடுத்தது எப்போன்னா, 1990கள்ல. "பழைய காரை உதிருது, சிமெண்ட் பூசிடலாம்"னு ஒரு மேஸ்திரி சொல்லி, கீழே நாலு அடிக்குச் சிமெண்ட் பூசியாச்சு. சிமெண்ட் பூச்சு சுண்ணாம்பை விட ரொம்ப இறுக்கம். ஈரத்தைச் சுலபத்துல வெளியே விடாது. வழி கிடைக்காத ஈரம் இன்னும் மேலே ஏறிச்சு. நாலு அடிக்கு மேலே, சிமெண்ட் முடியற இடத்துல, உப்புப் பூத்துப் பொரிய ஆரம்பிச்சுது. அதுக்கு மேல பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சாங்க. எமல்ஷன் பிளாஸ்டிக் தோல் மாதிரி. பின்னாலிருந்து ஈரமும் உப்பும் தள்ள, அப்பளம் மாதிரி கொப்பளிச்சு விழுந்துச்சு. திரும்பவும் பட்டி, திரும்பவும் எமல்ஷன், திரும்பவும் "ரெண்டு வருஷம் கியாரண்டி சார்". கியாரண்டி கொடுத்தவர் போன் நம்பர் ஒரு வருஷம்கூட வேலை செய்யலை.

இது போதாதுன்னு தெரு வேற. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே மறுபடி மறுபடி தார் போட்டுப் போட்டு, ரெண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போ ஒரு படி இறங்கிப் போறோம். மழை பெய்ஞ்சா தெருத்தண்ணி திண்ணைச் சுவர் மேலதான் அடிக்கும். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் பழைய வீடு வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இந்தக் கதை தெரிஞ்சிருக்கும்.

பெரியம்மாவுக்கு 78 வயசு. இளைப்பு உண்டு. ஆனா அந்தச் சுவர் பத்தி எந்த இன்ஜினியரை விடவும் அவங்களுக்குத் தெரியும். "கபாலி குளம் நிறைஞ்சா என் சுவரும் நிறையும்டா"ம்பாங்க. 2019 கோடையில ஊரே குடத்தை வச்சுக்கிட்டு லாரிக்கு நின்னப்போ, அந்தச் சுவர் மட்டும் எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடந்ததாம். சொல்லிச் சிரிப்பாங்க.

பேனல் போட்டா என்ன ஆகும்? சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல ஒரு அங்குல இருட்டு. அதுல ஈரம், பூஞ்சை, அப்புறம் கரப்பான். மேலே பளபள. இளைப்பு இருக்கற பெரியம்மா அதுக்குப் பக்கத்துலதான் கட்டில் போட்டுப் படுத்திருப்பாங்க. ஏன் இன்னும் இருமறாங்கன்னு யாருக்கும் புரியாது. ஏன்னா சுவர்தான் "புதுசு" ஆச்சே!

பி.வி.சி. வேண்டாம்னா பிளைவுட்டோ எம்.டி.எஃப்.போ அடிக்கலாம்னு அண்ணா அடுத்த யோசனை சொன்னார். அப்போதான் அவர் ஊர்க் கதையையே அவருக்கு எடுத்துச் சொன்னேன். 2005ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் வீடில்லாதவங்களுக்கு அமெரிக்க அரசோட ஃபீமா அமைப்பு ஆயிரக்கணக்குல இந்த மாதிரி டிரெய்லர்களைக் கொடுத்துச்சு. உள்ளே இருந்தவங்களுக்குக் கண் எரிச்சல், இருமல், மூச்சுத் திணறல். அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்ல காத்தைச் சோதிச்சு 2008 பிப்ரவரியில முடிவைச் சொன்னது. ஃபார்மால்டிஹைடு சராசரியா நூறு கோடியில 77 பங்கு. பிளைவுட், துகள் பலகை இதையெல்லாம் ஒட்டற பசையிலிருந்து வர்ற வாயு அது. வெயில் ஏற ஏற அதிகமா வரும்கறதால, கோடைக்கு முன்னாடியே ஆளுங்களை வெளியேத்தச் சொன்னாங்க. நம்ம ஊர் மே மாசத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உள்சுவர்ல என்ன ஒட்டறோமோ அதைத்தான் ராத்திரி முழுக்க மூச்சா இழுக்கறோம்.

அதுக்காகச் சுண்ணாம்புதான் சர்வரோக நிவாரணின்னு நான் சொல்ல வரலை. தி.நகர்ல ஒரு நண்பர், தரைத்தளத்து ஃபிளாட். 1980கள்ல கட்டின கான்கிரீட் கட்டடம். என் புலம்பலைக் கேட்டுட்டு அவரும் சுண்ணாம்பு பூசக் கிளம்பிட்டார். தி.நகரே 1920கள்ல ஏரியைத் தூர்த்து உண்டான பேட்டை. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் மிச்சம். ஏரி ஈரம்தான் ஏறுதுன்னு அவர் நினைச்சுட்டார். போய்ப் பார்த்தா ஈரம் தரையிலிருந்து ஏறலை, ஆறடி உயரத்துல ஆரம்பிச்சுக் கீழே இறங்குது. மாடி வீட்டுப் பாத்ரூம் குழாய்! அங்கே வேண்டியது பிளம்பர், கொத்தனார் இல்லை.

எந்த ஈரம்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன வித்தை இருக்கு. ஒரு சாண் பாலிதீன் தாளைச் சுவர்ல வச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளுக்குப் பின்னால முத்து முத்தா நீர் கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளேருந்து வருது. முன்பக்கம் நனைஞ்சிருந்தா அது அறைக் காத்துல இருக்கற ஈரம். ஜன்னலைத் திறந்து வைங்க, போதும். பத்து ரூபா கூட ஆகாத இந்தச் சோதனையை எங்க சுவருக்கு வந்த எந்த கான்ட்ராக்டரும் செஞ்சதில்லை.

காயவிடறதுங்கற பொறுமையும் யாருக்கும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துல கோட்டூர்புரம், அடையாறு பக்கம் ஆத்துத்தண்ணி புகுந்த வீடுகள் எத்தனை! எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், சேத்து அடையாளத்தைப் பார்க்கவே மனசு தாங்கலைன்னு பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சுட்டாங்க. சித்திரையில மொத்தமும் உரிஞ்சு வந்துச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. அந்தக் கோட்டைத் தினம் பார்த்துக்கிட்டு யார்தான் சாப்பிட முடியும்?

சரி, எங்க சுவருக்கு வர்றேன். சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துட்டு மறுபடி காரை பூசணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். செலவு பேனலைப் போல ஒன்றரை மடங்கு வரும். "அரசாங்கமே பழைய முறைக்குப் போகுதுண்ணா. 2012 ஜனவரியில தீப்பிடிச்ச சேப்பாக்கம் கலச மஹாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையில்தானே சீரமைச்சது"ன்னேன். "அது அரண்மனை, இது சந்துல இருக்கற வீடு"ன்னார். ஆனா அரண்மனைச் சுவர்ல பளபளத்த அந்த மெட்ராஸ் சுண்ணாம்பும், சந்து வீட்டுக் காரையும் ஒரே சரக்கோட பெரிய தம்பி, சின்னத் தம்பிதான். கிளிஞ்சலைச் சுட்டு நீத்தின சுண்ணாம்பு, சன்ன மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளை. கடைசியில வழவழப்பான கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தினா சலவைக்கல் மாதிரி ஆகும்.

இன்னொரு வேடிக்கை: இந்தியாவில சிமெண்ட் தயாரிக்க நடந்த ஆரம்பகால முயற்சிகள்ல ஒண்ணு 1904ல நம்ம சென்னையிலதான். அதுக்கும் மூலப்பொருள் கிளிஞ்சல்!

கொத்தறதுக்கு முன்னாடி ஒரு பயம் வந்துச்சு. கூடத்துல ஒரு சுவர்ல பழைய ஆயில் பெயிண்ட் அடுக்கு அடுக்கா இருக்கு. வீட்டு உபயோக பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுங்கற விதி 2016ல வந்து, 2017 நவம்பர்லதான் அமலாச்சு. அதுக்கு முன்னாடி அடிச்சதுல எவ்வளவு ஈயமோ யார் கண்டது? மேல் போர்ஷன்ல குடியிருக்கறவங்களோட ரெண்டு வயசுக் குழந்தை நாள் பூரா பெரியம்மா கூடத்துலதான் தவழும், கண்டதை வாயில வைக்கும். வேலைக்கு வந்த பையன் மிஷின் போட்டுத் தேய்க்கக் கிளம்பினான். தடுத்து, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, கையால சுரண்ட வச்சேன். எல்லாருக்கும் மாஸ்க். குழந்தைக்கு ஒரு வாரம் கூடத்துக்குத் தடை. அது மாடிப்படியில நின்னு அழுத அழுகைக்கு நான்தான் வில்லன்.

பங்குனியில சிமெண்ட்டைக் கொத்தியாச்சு. பின்னால் இருந்த பழைய காரை, அறுபது வருஷம் மழையும் வெயிலும் பார்த்தது, சில இடத்துல இன்னும் உளிக்கு மசியலை. சிமெண்ட் ஒட்டிக்கிட்டிருந்த இடத்துல மட்டும்தான் செங்கல் முகமே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. வெயில் காலம் முழுக்கச் சுவரை அப்படியே நிர்வாணமா விட்டுவச்சோம். வாரம் ஒருவாட்டி உப்பை பிரஷ்ஷால தட்டி முறத்துல வாரிக் கொட்டறது பெரியம்மாவோட வேலை. வீடியோ கால்ல பார்த்த அண்ணா, "என்னம்மா இது, ஜெயில் மாதிரி இருக்கு"ன்னார். "ஜெயில்ல மூச்சு விட முடியறதுடா"ன்னாங்க பெரியம்மா. (இளைப்பு குறைஞ்சுதான் இருக்கு. சுவர்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். கோடையில எப்பவுமே கொஞ்சம் குறையும்.)

அண்ணாவோட ஒப்பந்தம் இப்படி: இப்போ ஒரு சுவர் மட்டும் காரை. ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டட்டும். தாக்குப் பிடிச்சா மீதி ரெண்டும். இல்லைன்னா பேனல், நான் வாயைத் திறக்கக்கூடாது. எனக்குக் கொஞ்சம் உதறல்தான். காரை ஓதத்தை நிறுத்தாது, வெளியே விடும், அவ்வளவுதான். முதல் மழைக்கு ஒரு கருந்திட்டு தெரிஞ்சாலே அண்ணா ஜெயிச்சதாச் சொல்லிடுவார்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கொத்தனார் அடுத்த வாரம் வர்றார். முற்றத்துல ரெண்டு பக்கெட் நிறைய கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கிட்டிருக்கு. தெருமுனை வரைக்கும் புளிச்ச வாசனை. "பெரியம்மா சாராயம் காய்ச்சறாங்களா?"ன்னு பக்கத்து வீட்டுல விசாரிச்சாச்சு :-)

ஒரு உதவி. நல்லா நீத்தின கிளிஞ்சல் சுண்ணாம்பு சென்னையில மொத்தமா எங்கே கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்கு இதுவரைக்கும் கிடைச்சது பெரியம்மா வெத்தலைக்கு மட்டும்தான் காணும்.