தாத்தாவுக்கு ஊர் உண்டு, பாட்டிக்கு?

பெங்களூர் கப்பன் சாலையில் இருக்கும் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தைப் பழைய ஆட்கள் இன்னும் 'ஸ்காட்ச் கிர்க்' என்றுதான் சொல்கிறார்கள். 1864ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1866ல் திறக்கப்பட்ட கோயில் அது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1809ல் கன்டோன்மென்ட் உருவானபோதே, ஸ்காட்லாந்துச் சிப்பாய்களும் அதிகாரிகளும் இங்கே வந்து விட்டார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் ஓசூர் சாலைக் கல்லறையில் தங்கி விட்டார்கள். இன்னும் சிலர் இங்கேயே குடும்பம் நடத்தி, மெக்டொனால்டு, காம்ப்பெல் என்று பெயர்களை மட்டும் விட்டுப் போனார்கள்.

அந்தப் பெயரைச் சுமக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் அநேகமாக ஒரு கதை இருக்கும். 'கொள்ளுத் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர்.' எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டால் கதை நின்று விடும். இப்போது ஓய்வு பெற்ற பலர் அந்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள்.

தேடலை எடின்பரோவில் தொடங்குவது வீண். மெக்டொனால்டுகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். தந்தையின் ஞானஸ்நானப் பதிவு, தாத்தாவின் திருமணப் பதிவு, அவருடைய தந்தையின் அடக்கப் பதிவு என்று படிப்படியாக. கிர்க் கட்டப்படுவதற்கு முன் நடந்தவை புனித மார்க் பேராலயப் பதிவேட்டிலோ, 1821ல் திறக்கப்பட்ட சென்னை எழும்பூர் கிர்க்கின் ஏட்டிலோ இருக்கலாம்.

இங்கே கரையான் அரித்திருந்தாலும் கவலையில்லை. கம்பெனியின் கணக்குப் பிள்ளைத்தனம் இந்த விஷயத்தில் கை கொடுக்கிறது. ஒவ்வொரு பாதிரியாரும் தம் பதிவேட்டின் நகலை மாகாணத் தலைநகருக்கு அனுப்ப, அங்கிருந்து அது லண்டனுக்குப் போனது. சென்னை மாகாணத்தின் நகல்கள் 1698லிருந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெங்களூர் பதிவுகளும் இதில் அடக்கம். 2014 முதல் இவற்றில் பெரும் பகுதியைக் கட்டணம் கட்டிக் கணினியிலேயே பார்க்கலாம். தேடும்போது எழுத்தை நம்பக் கூடாது. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'மெக்', இன்னொரு பக்கத்தில் 'மாக்' என்று இருப்பார்.

கடல் தாண்ட வைக்கும் பாலம் பெரும்பாலும் பட்டாளக் காகிதம்தான். ஓய்வூதியம் பெற்று விலகிய சிப்பாயின் ஆவணத்தில் அவர் பிறந்த திருச்சபைப் பகுதியும், பட்டாளத்தில் சேரும் முன் செய்த தொழிலும் எழுதப்பட்டிருக்கும். நெசவாளி, கூலியாள் என்று. ஊர் கிடைத்து விட்டால் மீதி எளிது. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855ல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய திருச்சபைப் பதிவேடுகளில் மிகப் பழையது 1553ஆம் வருடத்தது. எல்லாம் எடின்பரோவில் அரசு காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, இணையத்திலும் வந்து விட்டன.

தமிழருக்கு இதில் ஒரு விஷயம் சட்டென்று புரியும். ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தந்தை வழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய் வழித் தாத்தா பெயர் வைப்பது வழக்கமாக இருந்தது. பெயரைத் தாங்குபவன் பெயரன், அவனே பேரன் என்பது நம் கணக்கு. பெங்களூரில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசைப்படுத்தினாலே அங்கே தேட வேண்டிய கிழவரின் பெயர் தெரிய வாய்ப்புண்டு.

இன்னொரு வழக்கம் நெருடும். ஸ்காட்லாந்து ஆவணங்களில் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பெயர் அழிவதில்லை. ஞானஸ்நான ஏட்டிலும் கல்லறையிலும் அந்தப் பெயரோடுதான் இருப்பாள். அதே ஊர்க்காரன் கன்டோன்மென்டில் ஒரு தமிழ்ப் பெண்ணோடு வாழ்ந்தபோது, ஏட்டில் அவள் பல சமயம் வெறும் 'மேரி'. ஞானஸ்நானத்தில் வந்த பெயர் அது. அதற்கு முன் அவள் முனியம்மாவா, கண்ணம்மாவா, வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு வந்த குடும்பத்தவளா என்பதற்கு வரி இல்லை. சில இடங்களில் 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி.

சூரத்தில் இருந்த ஸ்காட்லாந்து வணிகர் தியோடர் ஃபோர்ப்ஸுக்கும் எலிசா கெவார்க்குக்கும் 1812ல் பிறந்த காதரீன் சிறுமியாக ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். எலிசா ஆர்மீனியர் என்றே அந்தக் குடும்பம் சொல்லி வந்தது. இளவரசி டயானா காதரீனின் வழித்தோன்றல். 2013ல் டயானாவின் தாய் வழி உறவினரிடம் செய்த மரபணுச் சோதனை, தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணு இந்தியாவைச் சேர்ந்தது என்று காட்டியது. இருநூறு வருடம் மறைத்ததை எச்சில் சொல்லி விட்டது. ஆனால் எல்லாப் பாட்டிகளுக்கும் அரச குடும்பத்துப் பேரன் கிடைப்பதில்லை.

சட்டமும் அந்தப் பாட்டியைக் கேட்டதில்லை. அரசியல் சாசனத்தின் 366ஆவது பிரிவு, ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தை வழி ஆண் முன்னோரின் ஐரோப்பிய வம்சத்தை வைத்தே தீர்மானிக்கிறது. மக்களவையில் அவர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு போய் விட்டன. விளக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பிரிட்டனில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் காமன்வெல்த் குடிமக்கள் அங்கே வேலை செய்ய விசா கேட்கலாம். கொள்ளுத் தாத்தாவுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆகவே இன்று தேடுகிற பலருக்கு லாபம் எதுவும் இல்லை. தான் யார் என்று தெரிந்து கொள்ளும் ஆசைதான்.

அப்படியானால் தேடல் பாதியில் நிற்கக் கூடாது. ஏடு கைவிடும் இடத்தில் வாய்மொழிதான் மிச்சம். குடும்பத்தில் மூத்த பெண் யாராவது இருந்தால் அவரிடம் கேட்கலாம்: பாட்டியின் அம்மாவை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பாஷையில் தாலாட்டினாள், எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவாள்? லண்டனில் இருக்கும் நகல் இன்னும் நூறு வருடம் காத்திருக்கும். எண்பது வயதுப் பெரியம்மாவை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது.