தோரா படிச்சா ராணுவத்துக்குப் போக வேண்டாமா? இஸ்ரேலை உலுக்கும் சர்ச்சையின் பின்னணி

இஸ்ரேலில் யூத இளைஞர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம், பெண்களுக்கும்தான். ஆனால் ‘ஹரேடி’ எனப்படும் தீவிர மரபுவாத யூதர்களின் வேதப் பள்ளி மாணவர்கள் பல பத்தாண்டுகளாக விலக்கு பெற்றுவந்தார்கள். முழு நேரமும் தோரா படிக்கிறார்கள் என்பதே காரணம். 1948-ல் பென் குரியன் இதற்குச் சம்மதித்தபோது சுமார் 400 மாணவர்கள்தான். 2024 ஜூன் 25-ல், அவர்களையும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, சுமார் 63,000 பேர்!

சரி, தோரான்னா என்ன?

யூதர்களின் வேதத்துக்குப் பெயர் ‘தனாக்’. தோரா (சட்டம்), நெவீம் (தீர்க்கதரிசிகள்), கெதுவீம் (எழுத்துகள்) என்ற மூன்று பகுதிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வரும் பெயர் அது. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான 5 நூல்கள்தான் தோரா. தமிழ் பைபிளின் பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள், தனாக்கில் 24. எதுவும் விடுபடவில்லை, எண்ணும் விதம்தான் வேறு. சாமுவேல் இரண்டும் அங்கே ஒன்று, சின்ன தீர்க்கதரிசிகள் 12 பேருக்கும் சேர்த்து ஒரே நூல். வரிசையும் மாறும். தானியேல் தீர்க்கதரிசிகளோடு இல்லை, ‘எழுத்துகள்’ பகுதியில் இருக்கிறார்.

ஆனால் அந்த மாணவர்கள் நாள் முழுக்கப் படிப்பது பெரும்பாலும் இந்த 24 நூல்களை இல்லை. இங்கேதான் பலரும் குழம்புவது.

எழுதப்பட்ட தோராவுடன், வாய்மொழித் தோராவும் மோசேக்குக் கொடுக்கப்பட்டது என்பது மரபு யூதர்களின் நம்பிக்கை. அதைக் கி.பி. 200 வாக்கில் ரபி யெஹூதா ஹநாசி 6 பிரிவுகளாகத் தொகுத்தார். அதுதான் மிஷ்னா. அதன் மேல் தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதங்களும் சேர்ந்தால் தால்முத். பாபிலோனியத் தால்முத்தில் 2,711 ஏடுகள். தினம் ஒன்று படித்தாலே ஏழரை வருஷம் ஆகும். அதனால்தான் ‘முழு நேரப் படிப்பு’ என்ற வாதம் எடுபடுகிறது.

சுவாரசியம் என்னன்னா, ரெண்டு தரப்புமே இதே நூல்களைத்தான் கையில் எடுக்கிறது. எண்ணாகமத்தில் போருக்குத் தகுதியானவர்களைக் கணக்கெடுக்கும்போது லேவி கோத்திரம் சேர்க்கப்படவில்லை. கடவுள் பணி அவர்களுக்கு. அந்த இடம் லேவியருக்கு மட்டுமல்ல, தன்னை அர்ப்பணிக்கும் எவருக்கும் உண்டு என்று 12-ம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார். ஹரேடிகளின் பெரிய ஆயுதம் இது.

எதிர்த்தரப்புக்கும் எண்ணாகமமே கைகொடுக்கிறது. சகோதரர்கள் போருக்குப் போகும்போது நீங்கள் இங்கேயே தங்குவதா என்று ரூபன், காத் கோத்திரங்களை மோசே கண்டிக்கும் இடம் 32-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உபாகமம் 20-ல் புது வீடு கட்டியவன், திராட்சைத் தோட்டம் போட்டவன், நிச்சயதார்த்தம் முடித்தவன் ஆகியோருக்கு விலக்கு உண்டு. படிக்கிறவன் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டாயப் போர் என்றால் புது மாப்பிள்ளைகூட கிளம்ப வேண்டும் என்கிறது மிஷ்னா. நம் பார்வையில், எழுத்தளவில் இந்தத் தரப்பின் கை சற்று ஓங்கியே இருக்கிறது.

ஆனால் அரசியல் வேறு கணக்கு. விலக்கைச் சட்டமாக்காததால் 2025 ஜூலையில் நெதன்யாகு கூட்டணியிலிருந்து ஒரு ஹரேடி கட்சி வெளியேறியது. அதன் பெயரிலேயே தோரா இருக்கிறது: ‘யுனைடெட் தோரா ஜூடாயிசம்’.