பேரவை நினைத்தால் ஒரு பாடத்தை நிறுத்திவிடலாமா?

அண்மையில் பல்கலைக்கழக ஆசிரியரான நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரது பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூட்டத்திலே, மாணவர் தொகை குறைந்த கலைப்பாடங்கள் சிலவற்றை நிறுத்திவிடலாமென வெளியிலிருந்து நியமனம் பெற்ற உறுப்பினர் ஒருவர் யோசனை தெரிவித்தாராம். ஏழெட்டு மாணவருக்கு மூன்று விரிவுரையாளர் எதற்கு என்பது அவரது கணக்கு. "அண்ணை, சட்டப்படி அவையள் இதைச் செய்யலாமோ?" என்று நண்பர் கேட்டார்.

நானும் கலைப் பட்டதாரி என்பதால் எனக்கு இதிலே பக்கச்சார்பு உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே எமது அரச பல்கலைக்கழகங்களுக்கு அடிப்படை. அதன்படி பேரவையே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஆளும் சபை. துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவைப் பிரதிநிதிகள் என உள்ளேயிருந்து வருவோரைவிட, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிப்போர் தொகை ஒன்று கூடுதலாக இருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, வெளியார் ஒருமித்துக் கை உயர்த்தினால் கற்பிப்போர் தோற்றுவிடுவர்.

சட்டத்தை வரைந்தவர்கள் இதை உணராதவர்களல்லர். கற்பித்தல், ஆராய்ச்சி, பரீட்சை ஆகியவற்றின் கட்டுப்பாட்டை மூதவையிடம் கொடுத்தார்கள். அத்துடன் 45ஆம் பிரிவிலே, கல்விசார் விடயமொன்றில் மூதவை தன் கருத்தைப் பதிவுசெய்து அனுப்புவதற்கு முதலில் வாய்ப்பளிக்காமல் பேரவை தீர்மானம் எதையும் நிறைவேற்றலாகாது என்று ஒரு கடிவாளமும் போட்டார்கள். பாடமொன்றை நிறுத்துவது கல்விசார் விடயமன்றி வேறென்ன? கட்டடத்துக்கு வர்ணம் பூசும் விவகாரமா?

ஆனால் இக்கடிவாளத்தை நாம் மிகைப்படுத்திக் கொள்ளவும் கூடாது. கருத்துக் கேட்கவேண்டும் என்பதுதான் சட்டமே தவிர, கேட்டபடி நடக்கவேண்டும் என்பதல்ல. கேளாமல் தீர்மானித்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் எழுத்தாணை கோரலாம். கேட்டுவிட்டுப் புறக்கணித்தால் வழக்கு கடினமாகிவிடும். ஏற்கனவே அனுமதி பெற்றுப் படித்துக்கொண்டிருக்கும் மாணவரின் நிலை சற்றுப் பலமானது. நியாயமான எதிர்பார்ப்பு என்ற கோட்பாட்டை எமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அடிப்படை உரிமை மனுவாயின் ஒரு மாதத்துக்குள் தாக்கல்செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதிய மாணவர் தொகையைப் பொறுத்தவரை, எந்தப் பாடநெறிக்கு எத்தனை பேர் என்பதை நிர்ணயிப்பது ஆணைக்குழு. அது பேரவையைக் கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவே.

எனது கவலை வேறொன்று. பாடங்கள் பெரும்பாலும் தீர்மானத்தால் சாவதில்லை. ஓய்வுபெற்றவரின் வெற்றிடம் நிரப்பப்படுவதில்லை. திறைசேரி அனுமதி வரவில்லை என்பார்கள். ஒரு வருடம் இடைவரவு விரிவுரையாளர், மறுவருடம் அவருமில்லை. ஆசிரியர் இல்லாததால் மாணவர் அப்பாடத்தைத் தெரிவுசெய்வதில்லை. மாணவர் இல்லாததால் பாடம் தேவையில்லை என்று பின்னர் புள்ளிவிபரம் காட்டப்படுகிறது. தீர்மானமே இல்லாதபோது 45ஆம் பிரிவு எதைத் தடுக்கும்? தமிழ்மொழி மூலம் ஒரு பாடத்தைக் கற்பிக்கும் இடங்கள் இந்நாட்டில் ஒன்றோ இரண்டோவாக இருக்கையில், ஒரு துறை இவ்வாறு ஓய்ந்துபோனால் அப்பிள்ளை வேறெங்கு போகும்?

ஆதலால், ஒரு துறையின் கற்பித்தற் பதவியை நிரப்பாமல் விடுவதும் கல்விசார் விடயமே என மூதவைகள் வாதிடவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். நீதிமன்றம் அதை ஏற்குமோ அறியேன். கேட்டுப்பார்த்ததாக மட்டும் தெரியவில்லை.

நண்பரிடம், பேரவையின் கடிதத்துக்குக் காத்திராமல் அடுத்த மூதவைக் கூட்டத்திலேயே வெற்றிடங்களின் பட்டியலை வைத்துக் கருத்தைப் பதியுங்கள் என்றேன். அவரது துறையில் அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் ஐந்து. இருப்பவர்கள் மூவர். அவர்களுள் மூத்தவர் வருகிற ஆண்டு ஓய்வுபெறுகிறார்.